எழுந்திருக்காத கணிப்பொறியும் எட்டாம் அத்தியாயமும்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்)

நம் துறை மாணவன் எவனைக் கேட்டாலும் ஒரே ஒரு மருந்துதான் சொல்வான். சிஸ்டம் மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட் அடி. வைரஸா? ஃபார்மட் அடி. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? ஃபார்மட் அடி. தலைவலிக்கும் திருநீறு, வயிற்றுவலிக்கும் திருநீறு என்ற கதைதான்.

நானும் அந்த வைத்தியர் கூட்டத்தைச் சேர்ந்தவனே. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஹாஸ்டலில் ஆறு லேப்டாப்புகளுக்கு ஃபார்மட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோட்டா பார்சலைக் கூலியாக வாங்கியிருக்கிறேன். "உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று ஒருத்தனிடம்கூடக் கேட்டதில்லை. அவன்களும் சொன்னதில்லை.

இந்தப் பெருமையோடுதான், 2024 தீபாவளி கழிந்த அடுத்த வாரம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நான் பகுதி நேரம் வேலை பார்க்கும் டி.டி.பி. கடைக்குள் நுழைந்தேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜெராக்ஸ், லேமினேஷன்... ஒரு மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ் முதல் பதினாறாம் நாள் அழைப்பு வரை எல்லாம் அங்கே உண்டு. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தட்டச்சு செய்வது ஓர் அக்கா. மின்னல் வேகம்! கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள்.

அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏ தம்பி, காலைலேர்ந்து சிஸ்டம் முழிக்க மாட்டேங்கு. நேத்து ராத்திரி மழையில கரண்டு போய்ப் போய் வந்துச்சு பாத்துக்க. என்னன்னு பாரு."

பார்த்தேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. ஒரு விசையைத் தட்டினால் அதே வரி மறுபடியும் வரும். தட்டத் தட்ட அதுவே.

"ஓ.எஸ். போயிட்டு அண்ணாச்சி. ஃபார்மட் அடிச்சா ஒரு மணி நேரத்துல ரெடி" என்றேன். சொல்லும்போதே பையிலிருந்து பென் டிரைவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அக்கா மெதுவாகக் கேட்டாள்:

"லே தம்பி... பெரிய சாரோட புத்தகம் அதுலதானல இருக்கு?"

என் கை அப்படியே நின்றது.

பெரிய சார் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள குளம், மடை, மறுகால், வயல் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று சைக்கிளில் போய்க் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். பட்டாவில் வெறும் சர்வே எண்தான் இருக்கும். ஆனால் விதைக்கிறவன் வாயில் ஒவ்வொரு துண்டு வயலுக்கும் ஒரு பெயர் இருக்கும் அல்லவா? அந்தப் பெயர்கள்! அவருக்குச் சொன்ன பெரியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

வாரம் பத்துத் தாள் கொண்டுவருவார். அக்கா மற்ற வேலைகளுக்கு நடுவே அடித்துக் கொடுப்பாள். ஒன்றரை வருடத்தில் பதினோரு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. ஆறாம் அத்தியாயம் வரை புரூஃப் எடுத்து சாரிடம் கொடுத்தாயிற்று. பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதால், ஏழிலிருந்து பதினொன்று வரை புரூஃப் எடுக்கவில்லை. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

"அவர் எழுதின தாளு இருக்குமேக்கா?" என்றேன்.

அக்கா அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். விஷயம் இதுதான்: சார் நல்ல வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டுமே எழுதுவார். அடித்து முடித்த தாளை "எனக்கு எதுக்கும்மா, நீயே வச்சுக்கோ" என்று விட்டுவிட்டுப் போவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிற தாளை வீணாக்க அண்ணாச்சிக்கு மனம் வருமா? கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் பிரிண்ட் அதில்தான்.

"பேக்கப்?" என்று கேட்டேன்.

"இருக்குல்லா! டி டிரைவ்லயும் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்" என்றாள் அக்கா நம்பிக்கையோடு.

நம்மில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்வோம்! சி டிரைவும் டி டிரைவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நடுவில் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு அறைகள். வீடே இடிந்தால் எந்த அறையில் இருந்தால் என்ன? இதை அப்போது அக்காவிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றவில்லை.

பென் டிரைவைப் பைக்குள் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கணிப்பொறி எப்படி எழுந்திருக்கிறது என்று யோசித்தேன். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், யோசித்ததில்லை.

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுவது ஆச்சி. ஆச்சி அம்மாவை எழுப்புவாள். அம்மா அப்பாவை எழுப்புவாள். அப்பா போர்வையை உருவி என்னை எழுப்புவார். கணிப்பொறியும் அப்படித்தான். 'பூட்' என்ற சொல்லே, தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கையிலிருந்து வந்தது. மின்சாரம் வந்ததும் மதர்போர்டில் உள்ள சிப்பில் இருக்கும் பயாஸ் விழிக்கும். அதுதான் ஆச்சி. நினைவகம், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு தன் பட்டியலில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு டிஸ்க்காகக் கதவைத் தட்டும்.

அந்தப் பழைய பெட்டியில் டிஸ்க்கின் முதல் செக்டர்தான் கதவு. 512 பைட். 1983-ல் ஐ.பி.எம். எக்ஸ்.டி.யும் டாஸ் 2.0-வும் வந்த காலத்து ஏற்பாடு அது. அந்த 512-க்குள் 446 பைட் ஒரு குட்டி நிரல். 64 பைட், நான்கு பிரிவுகளுக்கான அட்டவணை. கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் அந்தக் குட்டி நிரலை எழுப்பும். அது விண்டோஸ் இருக்கும் பிரிவின் முதல் செக்டரை எழுப்பும். அது 'பூட்மேனேஜர்' கோப்பை எழுப்பும். அது கெர்னலை எழுப்பும். கெர்னல்தான் நான், கடைசியாக எழுகிற சோம்பேறி. (உங்கள் புது லேப்டாப்பில் யு.இ.எஃப்.ஐ. இருக்கும். அது அந்த 446 பைட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'ஃபேட் 32' முறையில் அமைந்த ஒரு சிறு பிரிவுக்குள் போய், அங்கே உள்ள கோப்பை நேராக எழுப்பும். ஆள் வேறு, எழுப்புகிற கதை ஒன்றுதான்.)

இதில் ஓர் அழகு என்னவென்றால், எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்பதைத் திரையில் வரும் வரியே சொல்லிவிடும். நாம்தான் படிப்பதில்லை! 'செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்பது பயாஸ் பேசுவது: "தட்டினேன், ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை" என்கிறது. 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று வந்தால் பேசுவது அந்த 446 பைட். அதாவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது, முதல் செக்டர் வரை வந்தாயிற்று. 'பூட்மேனேஜர் ஈஸ் மிஸ்ஸிங்' என்றால் இன்னும் ஒரு படி உள்ளே வந்துவிட்டோம். நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் வந்தால், கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் தான் படுத்திருந்த டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனையையும் "ஓ.எஸ். போயிட்டு" என்ற ஒரே வார்த்தையில் அடக்கியவன் நான்.

எங்கள் பெட்டியில் ஆச்சிதான் பேசினாள். ஆக, விண்டோஸைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. முதலில் செருகியிருந்த பென் டிரைவ் ஏதாவது உண்டா என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள்! இரண்டாம் ஆண்டு லேப் பரீட்சையில் ஒருவன் வியர்த்துப் போய் நின்றதற்குக் காரணம், பின்பக்கம் அவனே செருகி மறந்த பென் டிரைவ்தான். ஃபிளாப்பி காலத்தில் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்ற வரியைப் பார்த்து எத்தனை பேர் பயந்தார்களோ!

இங்கே அப்படி ஒன்றும் இல்லை. டெலிட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போனேன். தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. ஆகா, பிடித்துவிட்டேன்! பேட்டரி செத்துவிட்டது. பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பாற்றுவது காசு போல இருக்கும் 3 வோல்ட் பேட்டரி. பெயர் சி.ஆர். 2032. அகலம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., அதுதான் அந்த எண்ணின் ரகசியம். அது தீர்ந்தால், பெட்டிக்கு மின்சாரம் நின்றதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எதிர்க் கடிகாரக் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றினேன். தேதி நின்றது. ஆனால் டிஸ்க் பட்டியலில் டி.வி.டி. மட்டுமே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் பெயரே இல்லை.

ஒரு கோளாறைக் கண்டுபிடித்தால் அதுதான் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். பேட்டரி செத்தது உண்மை. ஆனால் அது எப்போதோ செத்திருக்கிறது. பெட்டியை யாரும் பிளக்கிலிருந்து பிடுங்காதவரை வெளியே தெரியவில்லை. நேற்று ராத்திரிக் கரண்டு அதை வெளியே கொண்டுவந்தது. உள்ளே வேறொருவர் படுத்திருக்கிறார்.

டி.வி.டி.யில் இருந்த சாட்டா கேபிளை உருவி ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். பட்டியலில் பெயர் வந்தது! 500 ஜி.பி.! அண்ணாச்சி "சபாஷ்" என்றார். வரிசையில் அதை முதலில் வைத்து, சேமித்து, வெளியே வந்தேன். திரையில் புது வரி: 'எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்டு'.

அதே நேரம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... சுவர்க்கோழி மாதிரி.

இனி வருவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த வரி வருகிறதென்றால் சங்கிலி இரண்டு படி முன்னேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் நல்லதல்ல என்றும் தெரிந்தது. இருந்தாலும் அண்ணாச்சி பின்னால் நிற்கிறார், அக்கா நகத்தைக் கடிக்கிறாள், வாசலில் பத்திரிகைக்காரர்கள் வேறு. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தது. பென் டிரைவில் இருந்த விண்டோஸின் பழுதுநீக்கும் திரைக்குப் போய், 'செக் டிஸ்க்' கட்டளையை, கெட்ட செக்டர்களையும் தேடிச் சரிசெய் என்ற ஆணையோடு ஓட்டிவிட்டேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதானே!

மணி 7.40. ஐந்து கட்டங்களில் மூன்று ஓடின. நான்காவது கட்டத்தில் 11 சதவீதத்தில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் 11 சதவீதம். டிக் டிக் இப்போது டக் டக் ஆகியிருந்தது. ஒன்பதரை மணிக்குப் பயந்துபோய், நம் கல்லூரியில் படித்து முடித்து சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் வேலை பார்க்கும் சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆரம்பம் முதல் சொன்னேன். செக் டிஸ்க் என்றதும் அவர் சொன்ன சொல்லை மலர்க் குழு அச்சில் ஏற்றாது. அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து தருகிறேன்:

"உனக்கு டிஸ்க் வேணுமா, டிஸ்க்குக்குள்ள இருக்கறது வேணுமா?"

"உள்ள இருக்கறதுதாண்ணே."

"அப்ப ஏன்டா டிஸ்க்குக்கு வைத்தியம் பாக்கற? சாகக் கெடக்கற ஆளை மாடிப்படி ஏறி எறங்கச் சொல்வியா? ஆஃப் பண்ணு. வயரைப் பிடுங்கு. காலைல வரைக்கும் தொடாத."

பிடுங்கினேன். டக் சத்தம் நின்றது. கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் பிறகு பொறுமையாக விளக்கினார். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டுக்கு மேல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அது நோய்ப்பட்டுவிட்டால் இன்னும் எத்தனை தடவை படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கிற மூச்சை நமக்கு வேண்டியதற்குச் செலவழிக்க வேண்டும். செக் டிஸ்க்கோ டிஸ்க் முழுவதையும் படித்து, அதன்மேலேயே எழுதவும் செய்கிறது. அதன் வேலை கோப்பு அட்டவணையை ஒழுங்காக வைப்பது. உடைந்த பதிவைக் கண்டால் வெட்டிப் போடவும் தயங்காது. நம் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலையே அல்ல.

மறுநாள் அண்ணாச்சி முனகிக்கொண்டே 1 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். ஹாஸ்டல் நண்பனிடம் லினக்ஸ் உள்ள பென் டிரைவை இரவல் வாங்கினேன். கடையில் பில் போடும் இன்னொரு பெட்டியைத் திறந்து, பழையது, புதியது இரண்டையும் அதில் மாட்டினேன். இங்கே ஒரு கண்டம் உண்டு. எது மூலம், எது நகல் என்று மாற்றிச் சொல்லிவிட்டால், வெறும் டிஸ்க் புத்தகத்தின்மேல் அழகாகப் பதிந்துவிடும். இரண்டு டிஸ்க்கின் லேபிளிலும் இருந்த தொடர் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, திரையில் தெரிந்த எண்ணோடு அக்காவை வாசிக்கச் சொல்லி மூன்று தடவை ஒப்பிட்டேன். முதல் நாள் அந்தப் புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நோய்க் குறிப்பு ஒன்று உண்டு, 'ஸ்மார்ட்' என்று பெயர். அதில் 197-ஆம் வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இலக்க எண் இருந்தது. இந்தக் குறிப்பை மாதம் ஒரு தடவை பார்த்திருந்தால்கூட முன்பே தெரிந்திருக்கும். யார் பார்த்தோம்?

பிறகு 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரலை ஓட்டினேன். அது வேலை செய்யும் விதம் பரீட்சை எழுதத் தெரிந்த மாணவனைப் போன்றது. தெரிந்த கேள்விகளை முதலில் கடகடவென்று எழுதிவிடும். படிக்க முடியாத இடம் வந்தால் முரண்டு பிடிக்காமல் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு விட்ட கேள்விகளுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போகவும் செய்தது, இரண்டாம் நாள் ராத்திரி. நல்ல டிஸ்க்காக இருந்தால் 500 ஜி.பி. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். எங்களுக்கு இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆயிற்று. டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். அண்ணாச்சி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

முடிவில் எடுக்க முடியாமல் போனது 38 எம்.பி. 500 ஜி.பி.யில் 38 எம்.பி.! பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. துள்ளிக் குதித்தேன்.

நகல் டிஸ்க்கிலிருந்து முதல் வேலையாகப் புத்தகக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்தோம். பிறகு அந்த நகலுக்கு, ஆமாம், நகலுக்கு, செக் டிஸ்க் போட்டு, பூட் கோப்புகளையும் பழுதுபார்த்து, பெட்டியில் மாட்டினேன். மூன்றாம் முயற்சியில் விண்டோஸ் 7-இன் நான்கு வண்ணப் பூ மலர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது என்றாலும், அக்காவின் விரல்கள் பேஜ்மேக்கரிலும் அதற்கான பழைய தமிழ் எழுத்துருக்களிலும்தான் ஓடும். அந்த எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. அவை இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் வயல் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரியும்.

அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழு திறந்தது. ஒன்பது திறந்தது. பத்து, பதினொன்று. எட்டு திறக்கவில்லை. டி டிரைவ் காப்பி ஆறாம் அத்தியாயத்தோடு நின்றிருந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம், வேறு கணிப்பொறியில் பார்த்தோம், சீனியர் அண்ணனுக்கு அனுப்பியும் பார்த்தோம். கோப்பின் நடுவில் பெரிய ஓட்டை. அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சரியாக எட்டாம் அத்தியாயத்தின் மேல் விழுந்திருந்தது.

கணிப்பொறி ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேரும் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் இருந்த காகிதக் கட்டுகளைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மணமகன், மணமகள் பெயருக்குப் பின்னால் மடைகள். கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் குளங்கள். எட்டாம் அத்தியாயம் மொத்தம் 43 தாள். 31 கிடைத்தன. மற்றவை டெஸ்ட் பிரிண்ட் பார்க்க வந்தவர்கள் கையோடு கொண்டுபோனவை. அக்காவுக்கு ஒரு வீடு நினைவிருந்தது. சைக்கிளில் போனேன். பெண்ணின் அப்பா அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார், மகளின் முதல் பத்திரிகை என்று. அதைக் கேட்டு வாங்க மனம் வரவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். 32.

மீதி 11.

சாரிடம் யார் போய்ச் சொல்வது? "மழை, கரண்டுன்னு சொல்லிரலாம் தம்பி. அதுவும் நெசந்தான" என்றார் அண்ணாச்சி. நெசந்தான். அக்காவும் நானும் போனோம். சார் திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், மழை, கரண்டு, 43, 32. சொல்லி முடித்ததும் நான், "சார், முதல் நாளு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து செக் டிஸ்க் கதையைச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது தப்பென்று தெரியாது.

சார் கேட்டார்: "நீ அத ஓட்டாம இருந்தா எட்டாவது பொழச்சிருக்குமா?"

"தெரியல சார். பொழச்சிருக்கலாம். அதுக்கு முன்னாலயே போயிருக்கவும் செய்யலாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தெந்தத் தாளு இல்ல? நம்பர வாசி" என்றார். வாசித்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டி, "அது தெக்கு மடை... அது மறுகாலுக்கு மேக்க உள்ள வயலுங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், 27 என்றதும் நின்றார். "அது ஒரு ஆட்டுக்காரர் சொன்னது. போன வருசம் தவறிட்டாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு பேனா கேட்டார்.

மூன்று வாரம் கழித்து சார் கடைக்கு வந்தார். பதினொரு தாளில் இருந்த விஷயத்தையும் மறுபடி எழுதிக் கொண்டுவந்திருந்தார். 27-இல் மட்டும் இரண்டு வயல்களுக்குப் பெயர் வரும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். "ரெண்டு பேரு மட்டும் வரல. எடத்த விட்டு அடிச்சிரும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தாள்களை நீட்டினார். மொத்தம் ஆறே தாள்தான் இருந்தது. அக்கா எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் எழுதிட்டேன்" என்றார் சார், அண்ணாச்சி பக்கம் திரும்பி. "இனிமே இதுல பத்திரிகை அடிக்க முடியாதுல்லா?"

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தட்டச்சு செய்ய உட்காருவதற்கு முன்னால், ஆறு தாளையும் ஜெராக்ஸ் மெஷினில் வைத்து இரண்டு பக்கமும் எடுத்தாள். பன்னிரண்டு காப்பி. அதற்கு அண்ணாச்சி கணக்கு எழுதவில்லை.